பூட்டுக்கு வெளியே நின்ற வீடியோ

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு போன்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, இரண்டு பெண்கள் அந்தப் போன்களை ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றின் கண்ணாடி மூலையில் விரிசல். உறை கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது. மற்றது புதியது, கறுப்பு. மழைத்துளி படாமல் ஒரு உள்ளங்கை அதற்குக் குடை பிடித்திருந்தது. அந்தக் கை யாருடையது என்று முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

சேரம்பாடிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் வரும் ஒரு தனியார் தேயிலைத் தோட்டம் அது. முந்தின நாள் காலை அங்கே கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரை யானை தாக்கியிருந்தது. தொடை எலும்பு முறிந்து ஊட்டி மருத்துவமனையில் இருந்தார். விறகு பொறுக்க எல்லை தாண்டிக் காட்டுக்குள் போனார், வேலை செய்யும்போது நடந்தது அல்ல என்று நிர்வாகம் சொன்னது. முந்தின மாலை நானும் அப்படித்தான் செய்தி அனுப்பினேன், 'என்று நிர்வாகத் தரப்பில் கூறப்படுகிறது' என்ற வாலைச் சேர்த்து. மறுநாள் நேரில் பார்க்க முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அவள் எனக்கு முன்பே ஸ்கூட்டரில் வந்துவிட்டிருந்தாள்.

அவள் வேறொரு தினசரியின் கூடலூர் நிருபர். என் வயதில் பாதி. நான் இந்த மலையில் செய்தி அனுப்பத் தொடங்கியபோது படச்சுருளைப் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அப்போது அவள் பிறந்திருந்தால் தவழ்ந்துகொண்டிருப்பாள்.

அந்தப் பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. லயத்துக்காரர்கள் கல்யாண வீடியோவோ, கோயில் பாட்டோ, பிள்ளையின் படமோ, எதுவானாலும் போனுக்குப் போன் புளூடூத்தில்தான் மாற்றிக்கொள்வார்கள். ஆகவே இரண்டு போன்கள் முட்டிக்கொண்டு நிற்பது அங்கே ஒரு செய்தியே அல்ல. கொழுந்து எடுக்கும் பெண் ஒரு நிருபருக்கு எதையோ கொடுக்கிறார் என்பதுதான் செய்தி. நான் குழாய்க்கு மேட்டுப் பக்கம், கழிவறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"முழுசா வந்துருச்சா புள்ள?"

"இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்கக்கா."

"நான் ஆனையத்தான் புடிச்சேன். எல்லாரும் புடிப்பாங்களே, அதே மாதிரி. சூப்பரைசர் பேசுனது தானா வுழுந்துருச்சு. ஆனை அந்தாண்ட போயிருச்சு, எறங்குங்க எறங்குங்கன்னு வெரட்டுறாரு பாரு. நாந்தான் சொல்றேன், இல்லைங்கய்யா, சவுக்குப் பக்கத்துல காது ஆடுதுன்னு. என் கொரலு அப்புடியே இருக்குது."

"அதாங்கக்கா முக்கியம்."

"முக்கியந்தான். ஆனா நான் டெம்பரவரி ஆளு. வெள்ளிக்கெழம லேபர் ஆபீசர் வர்றாரு. அவரு முன்னாடி நானே சொல்லி அவரு எழுதிக்கிட்டாருன்னா அப்புறம் என் மேல கை வெக்க யோசிப்பாங்க. அதுக்கு முந்தி இது வெளிய போச்சு, மானேஜர் தொரை லயத்துக் கதவ இழுத்துப் பூட்டிருவாரு. நானும் எம் மகளும் எங்க போவோம்?"

"யாருக்கும் காட்ட மாட்டேனுங்கக்கா. பூட்டி வெச்சுக்கறேன். என் வெரல் வெக்காம தொறக்காது."

அட்டை விழுந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியது ஊட்டி மருத்துவமனையில் கிடக்கும் பெண்ணைப் பற்றி அல்ல, இவரைப் பற்றியும் அல்ல. இந்த லயத்துக்கு நான் எத்தனை முறை வந்திருப்பேன் என்று மனம் கணக்குப் போட்டது. வந்தபோதெல்லாம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். பால் சேர்க்காத சாயத் தண்ணீர் கொடுத்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஒருவரும் தன் போனை என் போனோடு முட்டியதில்லை.

இங்கே என் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அவள் பெயரோடு வெளிவரும் செய்திகளை டீக்கடைப் பத்திரிகையிலிருந்து படம் எடுத்து அதில் போட்டு வந்தேன். ஒவ்வொன்றின் மேலும் அதன் பத்தி அகலத்தையும் பக்கத்தையும் விரலால் எழுதியும் வைத்தேன்: இரண்டு காலம், மூன்று காலம், உள்பக்கம், கடைசிப் பக்கம், படம் உண்டு, படம் இல்லை. எங்கள் பத்திரிகையின் கோவை டெஸ்க்கிலிருந்து, "அந்தப் பொண்ணு போட்டிருக்கே, உங்களுக்கு ஏனுங்க கிடைக்கல?" என்று கேட்கும் நாட்களில் இரவு சாப்பாட்டுக்கு முன் அதைத் திறந்து பார்ப்பேன். எழுத்தில் பிழை இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு முறை ஊர்ப் பெயர் ஒன்று தவறாக வந்திருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். அந்த ஃபோல்டருக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. என் போனை யார் வாங்கிப் பார்க்கப்போகிறார்கள்?

குழாயடியில் என்னைக் கண்டதும் இருவரும் போன்களை இறக்கினார்கள். அவள், "வாங்கண்ணா, பஸ்ஸா?" என்றாள். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாற்பது வயது இருக்கும். இடது புருவத்தில் பழைய தழும்பு. குரல் கொஞ்சம் கரகரப்பு; ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பத்து மணிக்கு நான் ஃபேக்டரி ஆபீசுக்குப் போனேன். மானேஜர் அறையில் எனக்கு நாற்காலி உண்டு. வறுத்த முந்திரி வந்தது. விறகு, எல்லை, எச்சரிக்கைப் பலகை என்று அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். வேலை நேரமா என்று கேட்டேன், இல்லை என்றார். சூப்பர்வைசரைப் பார்க்கலாமா என்றேன், லீவு என்றார். அந்த நேரத்தில் வெளியே பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு கேட் முன்னால் மறியலாக உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. நான் முந்திரியை முடித்து வெளியே வந்தபோது கேட் முன்னால் ஈரத் தரையும், கூடைகள் இருந்த வட்டமான உலர்ந்த அடையாளங்களும்தான் மிச்சம். அவள் ரெயின்கோட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டியாம்மா?"

"ஆறு இருக்குதுங்கண்ணா. எல்லாருக்கும் தர்றேன். மானேஜர் என்ன சொன்னார்னு நீங்க குடுத்துருங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வழக்கம் விசித்திரமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் போய் எடுக்கும் படம் எல்லோருக்கும் பொது. ஒரே சம்பவத்துக்கு ஒரே பள்ளத்தில் எல்லோரும் இறங்க முடியாது; பஸ் இல்லை, மழை, வழியில் யானை. போனவர் பல கோணத்தில் எடுத்து வருவார். மேலே சாலை முக்கில் உள்ள பேக்கரியில் கூடி, ஆளுக்கு வெவ்வேறு படமாகப் பிரித்துக்கொள்வோம். கோவையில் இருக்கும் டெஸ்க்குகள் எல்லோரும் நேரில் போனதாக நம்பிக்கொள்ளும். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், சிக்னலும் இழுக்கும். அதனால் புளூடூத். எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைத்து வைக்கப்பட்டவை. மூப்பு வரிசைப்படி முதல் போன் என்னுடையது. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. மாற்றியதும் இல்லை.

மூன்று மணிக்குப் பேக்கரியில் நாங்கள் நான்கு பேர். நான், அவள், கேபிள் சேனல் நிருபர், ஒரு மாலைப் பத்திரிகைக்காரர். பேக்கரி முதலாளி மலையாளி. எல்லோருக்கும் அவர் சேட்டன். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சேனல்காரர் தன் போனுக்குச் 'சிறுத்தை' என்று பெயர் வைத்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சேட்டன், "சிறுத்தைக்கு ஒரு பன்னு கொடுக்கட்டே?" என்பார்.

அவள் போனை மேசை நடுவில் வைத்து விரலை அழுத்தி ஒரு ஃபோல்டரைத் திறந்து, உடனே மூடினாள். உள்ளே வைத்தது இருக்கிறதா என்று சரிபார்த்த மாதிரி இருந்தது. சேனல்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது, வெரல் வெச்சாத்தான் தொறக்குது? உள்ள யாரு போட்டோ?"

"உங்க போட்டோதாங்கண்ணா. ஊட்டுல கொழந்தைக பயந்துக்குதுன்னு பூட்டி வெச்சிருக்கேன்."

மாலைப் பத்திரிகைக்காரருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் அந்தப் பூட்டுக்குள் இருப்பது என்ன என்று தெரியும், அதைத் திறக்க என் விரல் உதவாது என்பதும் தெரியும்.

அவள் படங்களைத் தேர்ந்தெடுத்து என் போனுக்கு அனுப்பினாள். ஏற்கவா என்று திரை கேட்டது, அழுத்தினேன். ஒரு முறை ஏற்றால் போதும், வரிசையில் இருக்கும் எல்லாம் தானாக இறங்கும். ஏழு கோப்புகள் என்று காட்டியது. ஆறு என்றுதானே சொன்னாள் என்று நினைத்தேன். ஏழாவது அவள் எடுத்த ஏதாவது பலகையாக இருக்கும்.

ஆறு படங்களும் வேகமாக வந்தன. கேட், கூடைகள், முக்காடுகள், ஒரு வயதான தொழிலாளி கையை நீட்டிக் கேட்கும் படம். நல்ல படங்கள். நான் வெளியே நின்றிருந்தாலும் அந்த நீட்டிய கையைப் பிடித்திருப்பேனா என்று தெரியாது. பிறகு ஏழாவது ஆரம்பித்தது. அது நகரவில்லை. கோட்டில் நீலம் மயிரிழையாக ஊர்ந்தது. பெரிய கோப்பு.

பத்திரிகை வேலையில் கண் முதலில் போவது தேதிக்கு. ஆறு படங்களின் பெயரிலும் அன்றைய தேதி. ஏழாவதன் பெயர் வீடியோ என்று தொடங்கியது, அதில் இருந்தது முந்தின நாள் தேதி. பக்கத்தில் நேரம்: காலை ஒன்பது நாற்பது. யானை அடித்த நேரம் ஒன்பதே முக்கால் என்று என் செய்தியிலேயே இருந்தது.

எப்படி நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில் வாங்கிய வீடியோவை அவள் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறாள். வெட்டிய பிரதியை மட்டும் பூட்டிய ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கிறாள். முழு வீடியோ, புளூடூத்தில் வருவதெல்லாம் போய் விழும் ஃபோல்டரிலேயே கிடந்திருக்கிறது. அன்று வாங்கியதால் போன் அதை அன்றைய படங்களோடு சேர்த்து அடுக்கிவிட்டது. தேதிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் அன்றைய எல்லாமே தேர்வாகும். கை ஈரம், அவசரம். ஒவ்வொன்றாகத் தொடாமல் அந்த ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வாசல் வழியாக நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தவறு நேரும்.

நீலக் கோடு பாதிக்குச் சற்று முன்னால் நின்றது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேட்டனிடம் வர்க்கி பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்குள் இருந்ததை உள்ளபடி சொல்ல முயல்கிறேன். முதலில் ஒரு சூடு. எனக்கும் வந்துவிட்டது. அவளிடம் மட்டும் இருந்தது இனி என்னிடமும். நாளைக் காலை டெஸ்க் அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அதன் பின்னாலேயே அடுத்தது வந்தது: எனக்கு முடிந்ததும் இதே ஏழு கோப்புகள் சிறுத்தைக்குப் போகும். சேனல்காரர் பார்ப்பார். வெட்ட மாட்டார், குரலை மாற்ற மாட்டார். மாலைச் செய்தியில் அப்படியே ஓட்டுவார். இல்லைங்கய்யா, சவுக்குப் பக்கத்துல காது ஆடுது. தோட்டத்தில் எல்லா லயத்திலும் டிவி ஓடும் நேரம் அது. அந்தக் கரகரப்புக்குப் பெயர் எழுதத் தேவையில்லை.

சத்தமாகச் சொல்லலாம்: தப்பான ஃபைல் வருதும்மா, நிறுத்து. சொன்ன உடனே என்ன ஃபைல் என்று மற்ற இருவரும் என் திரைக்கு மேல் குனிவார்கள். பேசாமல் ரத்துச் செய்யத் திரையைத் தேடினேன். அறிவிப்பைத் தொட்டால் விவரம் விரிந்ததே தவிர, ரத்துக்கான இடம் என் விரலுக்கு அகப்படவில்லை. பழைய போன்.

"அண்ணே, முடிஞ்சுதா? எனக்கு நாலு மணி புல்லட்டின்," என்றார் சேனல்காரர். அவர் போனைத் தயாராகத் திறந்து பிடித்திருந்தார்.

நான் எழுந்து நடந்தேன்.

"எங்கண்ணே?"

"ஒண்ணுக்கு."

"போனையும் கூட்டிட்டா? அதுக்கும் வருதாக்கும்!"

பின்னால் சிரிப்பு. நான் குடையை எடுக்கவில்லை. சாதாரண நாளில் மேசைக்கு மேசை தள்ளினாலே அறுந்துபோகிற இணைப்பு அது. அன்று வாசல்படியில் விடவில்லை. நின்றிருந்த பஸ்ஸின் முன்பக்கத்தைச் சுற்றினேன், விடவில்லை. சாலையைத் தாண்டினேன். நீலம் முக்காலுக்கு மேல் போயிருந்தது. முழுதாக இறங்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதனால்தான் வேகமாக நடந்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காக நடந்தேனா, எல்லோர் கையிலும் கிடைத்தால் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்பதற்காக நடந்தேனா என்று கேட்டால், இரண்டும் ஒரே காலில்தான் நடந்தன. எதை முன்னால் போடுவது என்று தெரியவில்லை.

கல்வெர்ட் பாலத்தைத் தாண்டி, வளைவில் மண்திட்டு மறைக்கும் இடத்துக்கு வந்தபோது திரை நின்றது. கோப்பு பெறப்படவில்லை என்று வந்தது. நான் சட்டையின் உள்பக்கத்தால் போனைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவள் போன் இப்போது கவிழ்ந்து இல்லை, கையில் இருந்தது. அனுப்பியவருக்கும் சொல்லும்: ஆறு போயின, ஒன்று தோல்வி. தொட்டால் எது என்று பெயரும் காட்டும். அவள் தொட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் துண்டு கேட்டுத் தலையைத் துவட்டினேன்.

"அடுத்து எனக்குத்தானே?" என்றார் சேனல்காரர்.

"ஒரு நிமிஷங்கண்ணா. ஒண்ணொண்ணா அனுப்பறேன். மொத்தமா அனுப்பினா போன் நின்னுக்குது."

அவள் ஒவ்வொரு படமாகத் தொட்டு, பெயரைப் படித்து, அனுப்பினாள். இருவருக்கும் மும்மூன்று படம். தன் போன் மற்ற போன்களின் கண்ணில் படும்படி வைத்திருந்த புளூடூத் அமைப்பை அணைத்தாள். பிறகு இணைத்து வைத்திருந்த போன்களின் வரிசையைத் திறந்தாள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் தலைகீழாகப் படிக்க எனக்கு வரும், அச்சுக்கூடத்துப் பழக்கம். சிறுத்தை வரிசையிலிருந்து போனது. மாலைப் பத்திரிகைக்காரர் போனார். கடைசியில் என் போனின் பெயர் இருந்தது. அதன் மேல் விரல் சற்று நின்றது. அதையும் நீக்கினாள்.

மற்ற இருவரும் பஸ் ஏறியதும் பேக்கரி ஓரத்தில், தகரத்துக்குக் கீழே, அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அண்ணா, உங்க போன கொஞ்சங் குடுங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுங்க."

கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அந்த ஃபோல்டர் நினைவுக்கு வந்தது. திரும்பக் கேட்க முடியாது; கேட்டால் வீடியோவை ஒளிப்பதாக ஆகும்.

"பாத்தீங்களா?"

"பேரத்தான் பாத்தேன்."

"ஓடுச்சா?"

"பாதியில அறுந்தது எப்புடி ஓடும்?"

"தானா அறுந்துச்சா, நீங்க அறுத்தீங்களா?"

"மழை," என்றேன்.

அவள் என் போனுக்குள் தேடினாள். புளூடூத் ஃபோல்டரைப் பார்த்தாள். நீக்கியவை கிடக்கும் தொட்டியைப் பார்த்தாள். அரைகுறையாக ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். படங்கள் இருக்கும் கேலரியை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவள் பெயர், கறுப்பு எழுத்தில், வரிசையாக. மேலே என் விரல் எழுத்து: மூன்று காலம், கடைசிப் பக்கம், படம் உண்டு.

"இதெல்லாம் நான் எழுதினதுங்களா?"

"ஆமா."

"எதுக்குங்கண்ணா?"

"ரெஃபரன்சுக்கு."

மேலும் சிலவற்றைத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றைப் பெரிதாக்கினாள். அந்த ஊர்ப் பெயர் தவறாக வந்த செய்தி. நான் அதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன்.

"இது டெஸ்க்ல பண்ணின தப்புங்க. நான் சரியாத்தான் அனுப்பினேன்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போன ஞாயித்துக்கெழம ஒண்ணு வந்துச்சு. அது இதுல இல்ல. அனுப்பட்டுங்களா?"

"வேண்டாம்."

"நாலு காலங்க," என்றாள்.

உள்ளேயிருந்து சேட்டன், "எந்தா சாரே, சாய ஆறிப்போயி," என்று கூப்பிட்டார். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஆறிய டீயைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இருக்கிறதா என்று சேட்டனிடம் கேட்டேன். பஜ்ஜி கட்டக் கிழித்துவிட்டதாகச் சொன்னார்.

அன்று மாலை நான் மானேஜர் சொன்னதையும், பெண்கள் உட்கார்ந்ததையும் எழுதி, நீட்டிய கை படத்தோடு அனுப்பினேன். வந்தது. இரண்டு காலம், உள்பக்கம். படம் அவளுடையது என்று அதில் எங்கும் இல்லை. வழக்கப்படி இருக்கவும் கூடாது.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். விசாரணை ஃபேக்டரி ஆபீசில் நடந்தது. எங்களை உள்ளே விடவில்லை. நாங்கள் எடை போடும் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். சூப்பர்வைசர் லீவு முடிந்து வந்திருந்தார். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை. முதலில் அவர் போனார். பிறகு மூன்று பெண்கள். நான்காவதாகப் புருவத் தழும்புக்காரர் போனார், கையில் ரப்பர் பேண்டு போட்ட போன். கதவு மூடியது.

அதிகாரியின் முன்னால் அவர் அதை ஓட்டியபோது எங்களுக்கே கேட்டது. முதலில் கிளை ஒடியும் சத்தம், பெண்கள் சிரிப்பு, யாரோ 'ஏய், பொத்து வாய' என்பது. பிறகு ஆண் குரல், விரட்டும் குரல். பிறகு அந்தக் கரகரப்பு. கொட்டகையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. சேனல்காரர், "யாரு எடுத்தது இது? நமக்குக் கிடைக்கலையே!" என்று என் தோளை இடித்தார். நான் அவளைப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் அவளிடம் முன்பே இருந்தது. வெள்ளிக்கிழமைக்காக மட்டும் காத்திருந்தாள். இந்த மலையில் எத்தனையோ செய்தியை நான் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், ஆனால் அது பெரும்பாலும் பஸ்ஸுக்காக.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தார். நேராக அவளிடம் போனார்.

"எழுதிக்கிட்டாரு புள்ள. கையெழுத்தும் வாங்கிட்டாரு. இனி போட்டுக்க."

"சரிங்கக்கா. உங்க பேரு போடலீங்க."

"பேரு என்னாத்துக்கு, அதான் எல்லாருங் கேட்டுட்டாங்களே," என்று சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். என்னையும் ஒரு முறை பார்த்தார். யார் என்று தெரிந்த பார்வைதான். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக் காலை கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டுப் பிரிக்கும்போதே அவள் பத்திரிகையை வாங்கினேன். முதல் பக்கம், மடிப்புக்கு மேலே, ஐந்து காலம். யானை நிற்பது தெரிந்தும் தொழிலாளர்களை இறக்கிவிட்டார்கள் என்று தலைப்பு. சூப்பர்வைசரின் வார்த்தைகள் மேற்கோளுக்குள் இருந்தன. எதிர்த்துச் சொன்னவர் 'ஒரு பெண் தொழிலாளி' என்று மட்டும் இருந்தது. பிழை தேடினேன். ஒற்று, தேதி, பதவிப் பெயர், எல்லாம் சரி. இரண்டாம் முறையும் படித்தேன். மூன்றாம் பத்தியில் நானாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று ஒரு இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று அதை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அவள் எழுதியதே நன்றாக இருந்தது.

எட்டரைக்கு டெஸ்க் கூப்பிட்டது.

"ஏனுங்க, அந்தப் பொண்ணுக்கு வீடியோ முன்னாடியே கிடைச்சிருக்கு போல. உங்களுக்கு வரலீங்களா?"

"வரல," என்றேன்.

"நீங்க அங்கயே பழைய ஆளு. உங்ககிட்டதான முதல்ல வரணும்?"

"சிக்னல் இல்லைங்க அங்க."

திங்கட்கிழமை நானாகவே போனேன். விசாரணைக்குப் பின் நிலைமை என்று ஒரு சின்னச் செய்தி போதும் என்று டெஸ்க் சொல்லியிருந்தது. மழை விட்டிருந்தது. ஏழரை மணிக்குப் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் வாசிக்கும் அந்த மைதானத்தில், பெண்கள் ஈரம் தடுக்கும் கொங்காணிப் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். புதிய சூப்பர்வைசர் ஒருவர் வாசித்தார். புருவத் தழும்புக்காரர் முன் வரிசையில் நின்றார். நான் பக்கத்தில் போய் வணக்கம் சொன்னேன்.

"வாங்க சார்." என் தோளுக்குப் பின்னால், இறங்கி வரும் பாதையைப் பார்த்தார். "அந்தப் புள்ள வரலீங்களா?"

"இன்னிக்கு நான் மட்டுந்தாங்க."

"பாத்தா சொல்லுங்க, நான் தேடுனேன்னு."

சொல்கிறேன் என்றேன். அவரிடம் கேட்க நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். மூன்றுக்குப் பதில் சொன்னார், சுருக்கமாக, மரியாதையாக. நான்காவதற்கு முன் அவர் பேர் வாசிக்கப்பட்டது. "இருக்கேங்க," என்று குரல் கொடுத்து, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, மற்ற பெண்களோடு பதினாலாம் நம்பர் தேயிலை மலைக்கு ஏறினார்.